முப்பத்தொரு ஜோடிக் கைகள்

முதலில் சத்தம்தான் வந்தது; அந்தச் சத்தத்துக்கு உரியவள் அதற்குப் பின்னால்தான் வந்தாள். பால் வண்டி இன்னும் வராத விடிகாலையில், ஆராய்ச்சி மாணவிகள் விடுதியின் கேட்டை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி வாட்ச்மேனான நான் உட்கார்ந்திருந்தபோது முதல் மாடியில் கைதட்டல் கேட்டது. ஒரு ஆள் தட்டுகிற சத்தமில்லை அது. முன்வரிசை மரியாதைக்காகவும் நடுவரிசை பாசத்துக்காகவும் பின்வரிசை சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்பதற்காகவும் சேர்ந்து தட்டுகிற, அளவான ஒரு கூட்டத்தின் கைதட்டல். அது தாழ்வாரம் வழியாக நடந்தது, மாடிப்படியில் படிபடியாக இறங்கியது, குளியலறைப் பக்கம் திரும்பியது, கதவு சாத்தியதும் கொஞ்சம் அமுங்கியது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்ததும் மறுபடி பலத்தது. பிறகு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் பச்சை வாளியோடு செண்பகவல்லி வெளியே வந்து கொடியில் துணி காயப்போட்டாள். பாவாடையை உதறினாள், கைதட்டினார்கள். கிளிப் மாட்டினாள், கைதட்டினார்கள். அவளைத் தவிர அங்கே யாருமில்லை.

"அண்ணாச்சி, உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது தாயி."

"அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கல" என்று சொல்லி, மிச்சத் துணியையும் காயப்போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கைதட்டலும் கூடவே போனது.

முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் டாக்டர் ஆகியிருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வயல் நண்டு உடைந்த காலை எப்படி மறுபடி வளர்த்துக்கொள்கிறது என்று ஏழு வருஷம் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதி வாங்கின டாக்டர். தொட்டதெல்லாம் நானோவாக இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை ஆராய்ச்சி செய்தவள் அவள் ஒருத்திதான் என்று சொல்வார்கள். வாய்மொழித் தேர்வு என்பது அங்கே பாதி பரீட்சை, பாதி விசேஷம். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார், ஆராய்ச்சி செய்தவர் பதில் சொல்வார், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் அறிவித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், அப்புறம் புது டாக்டர் எழுந்து நின்று, கைடிலிருந்து கண்ணாடிக் குடுவை கழுவினவர் வரைக்கும் பேர் சொல்லி நன்றியுரை சொல்வார், அதற்கப்புறம்தான் வடை. வடையும் டீயும் புது டாக்டருடைய செலவு. பாதிப் பேர் வருவதே அதற்காகத்தான். நானும் டீ கேனைத் தூக்கிக்கொண்டு போய், பின்வரிசையில் நின்று, ஒரு வார்த்தையும் புரியாமல், ஆனால் நண்டின்மேல் பெரிய மதிப்போடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து உளுந்தவடை சுடச்சுட வந்துவிட்டது. கைதட்டிக்கொண்டிருக்கும்போதே வாசம் ஹாலுக்குள் நுழைந்தது. செண்பகவல்லி நன்றியுரைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மைக்கை நோக்கிப் போக, அவளுடைய கைடு பேராசிரியர் ஆவுடைநாயகம், நல்ல மனிதர், சர்க்கரை வியாதிக்காரர், பசி தாங்காதவர், "நன்றியெல்லாம் மனசுக்குள்ள இருக்கட்டும்மா, வடை ஆறிரும்" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வடைத் தட்டுகளை நீட்டப் போனாள். நடந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷத்தில் வேலை என்பது, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமே தவிர, நேரில் யாரும் பார்த்திராத ஒரு மிருகமாக ஆகியிருந்தது. ஆள் எடுக்க வந்த கம்பெனிகள், எடுத்த ஆட்களுக்கே கடிதம் போட்டு நாள் குறிப்பிடாமல் ஒத்திவைத்தன. கல்லூரிகள் காலியான இடத்தைக் காலியாகவே வைத்துப் பழகின. ஒரே ஒரு இடத்துக்கு விளம்பரம் வந்தால், விண்ணப்பங்களை எடுத்துப் போக ஆட்டோ வைக்க வேண்டியிருந்தது. ஆகவே விடுதியில் இருந்த கெட்டிக்காரிகள் எல்லோரும் ஒரு வித்தையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: ஆய்வேட்டை முடித்துவிட்டு, முடிக்காததுபோல் இருப்பது. ஏட்டைக் கொடுத்தால் வாய்மொழித் தேர்வு. அது முடிந்த தொண்ணூறாம் நாள் அறையைக் காலி செய்ய வேண்டும். கொடுக்காதவரை அறை உண்டு, சோறு உண்டு, 'என்ன செய்கிறாய்' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் உண்டு. செண்பகவல்லியின் அறைத்தோழி ரெக்ஸலின், நாகர்கோவில் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் படிப்பு, மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதி முடித்த ஏட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு எட்டாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம் மக்கா அவசரப்பட்டு எழுதிக் குடுத்த? இப்பப் பாரு, கைத்தட்டு புடிச்சிருக்கு. எனக்கெல்லாம் சளிதான் புடிக்கும்" என்றாள் ரெக்ஸலின்.

மூன்று நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மனிதர்களுக்கு எதுவும் மூன்று நாளில் பழகிவிடும்; நான்காம் நாள் அதிலிருந்து என்ன பிரயோஜனம் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மெஸ் சமையல்காரி பேச்சியம்மா காலையில் உப்புமா அண்டாவைத் திறக்கும்போது செண்பகவல்லியைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள். உப்புமா கண்டுபிடித்த நாளிலிருந்து அதற்கு யாரும் கைதட்டியதில்லை, அன்றைக்குத் தட்டினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் விசில் ஊதுவதை விட்டுவிட்டார். கைதட்டல் ஏறினால் பஸ் புறப்படலாம் என்று டிரைவருக்குத் தெரிந்துபோனது. நூலகர் மட்டும் வருத்தத்தோடு, "உங்க மேல தப்பில்லம்மா, ஆனா நாலு பேரு தூங்குற எடம்" என்று சொல்லி, வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சும் மேசையும் போட்டுக்கொடுத்தார். அங்கே உட்கார்ந்துதான் அவள் விண்ணப்பங்களை நிரப்பினாள். ஒவ்வொரு விண்ணப்பத்தின் அடியிலும் கையெழுத்துப் போடும்போது கைதட்டல் எழுந்தது. அநேகமாக ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

வந்த ஒன்றிரண்டும் வேறு மாதிரி. ஒரு கல்லூரியில், வெளி வராந்தாவில் கேட்ட கைதட்டலை வைத்து யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து, தேர்வுக் குழுவினர் ஐந்து பேரும் எழுந்து நின்று பொத்தான்களைச் சரிசெய்துகொண்டார்கள், பழைய ஃபைலோடு இவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்ற கோபத்தில் உட்கார்ந்து, "ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். அவள் நண்டைப் பற்றி வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஒன்று தெரியவந்தது: நண்டு என்று சொன்னால் கைதட்டல் மற்ற நேரத்தைப்போல இரண்டு மடங்காகிறது. அவள் பதில் சொல்லச் சொல்லத் தட்டினார்கள். பதிலே கேட்காத அளவுக்குத் தட்டினார்கள். இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டரில் முகம் பார்த்து நேர்காணல் நடத்தியது. அந்தக் கம்பெனியின் மென்பொருள் பெரிய புத்திசாலி, பின்னணி இரைச்சலைத் தானாகவே நீக்கிவிடும். கைதட்டலை நீக்கியது, கூடவே அவள் குரலையும் இரைச்சல் என்று முடிவுகட்டி நீக்கிவிட்டது. பத்து நிமிஷம் அவள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, நன்றி, தெரிவிக்கிறோம் என்றார்கள்.

இதற்கிடையில் எனக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. என் வேலையின் கடைசிக் காரியம், விடிந்ததும் விடுதித் தோட்டத்துச் செம்பருத்தியைத் தின்ன வேலிச் சந்து வழியாக நுழையும் ஆடுகளை விரட்டுவது. கம்பெல்லாம் தேவையில்லை, இரண்டு கையையும் ஓங்கித் தட்டினால் ஓடிவிடும். தேர்வு முடிந்த அந்த வாரமே தட்டினேன். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினேன், உள்ளங்கை எரிந்தது, சத்தம் வரவில்லை. ஆடுகள் நிமிர்ந்து என்னை ஒருதரம் பார்த்தன. இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு செம்பருத்தியைத் தொடர்ந்தன.

எனக்கு மட்டுமில்லை. பேராசிரியர் ஆவுடைநாயகம் துணைவேந்தர் பேசிய கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து தட்டினார். சத்தமில்லாமல் தட்டுவது புதுவகை எதிர்ப்பு என்று யாரோ துணைவேந்தர் காதில் ஓதிவிட்டார்கள். அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பேச்சியம்மாவின் பேரனுக்குப் பிறந்தநாள் பாட்டில் அவள் கை மட்டும் ஊமையாக இருந்தது. வெளியூர்ப் பேராசிரியர் தன் ஊரில் பஜனையில் தாளம் போட முடியாமல், உடம்பில் ஏதோ பெரிய நோய் என்று இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார். கணக்கு சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு ஹாலில் கைதட்டினவர்கள் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேருடைய கைச்சத்தமும் அவர்களிடம் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

பதிவாளர் அலுவலகத்துச் சூப்பிரண்டென்ட் பொன்னுலிங்கம் அன்றைக்கு நாலு வடை சாப்பிட்டவர், அவரும் தட்டியிருந்தார். பியூனைக் கூப்பிட அவர் மணி அடிப்பதில்லை, கைதட்டுவதுதான் வழக்கம். இப்போது பியூன் வருவதில்லை. வராததற்கு இதைவிட நல்ல காரணம் பியூனுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஆகவே பொன்னுலிங்கம் ஒரு கடிதம் தயார் செய்தார்: முனைவர் சு. செண்பகவல்லி என்பார், வாய்மொழித் தேர்வுக்கு வருகைபுரிந்த முப்பத்தொரு நபர்களுக்குச் சொந்தமான கைதட்டல்களைத் திரும்ப ஒப்படைக்காமல் தம்வசமே வைத்திருப்பது அலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளபடியால், அவற்றை நல்ல நிலையில் ஒப்படைத்து ஒப்புகை பெறும்வரை அன்னாருக்கு நோ டியூஸ் சர்ட்டிபிகேட் வழங்க இயலாது.

அந்தச் சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் பட்டச் சான்று கிடையாது. பட்டச் சான்று இல்லாவிட்டால் எந்தக் கல்லூரியிலும் வேலை கிடையாது. நூலகப் புத்தகம் கொடுத்தாயிற்று, ஆய்வகச் சாவி கொடுத்தாயிற்று, மெஸ் தட்டு கொடுத்தாயிற்று. இது ஒன்று பாக்கி. தொண்ணூறு நாளில் முப்பத்தெட்டு நாள் போயிருந்தது.

செண்பகவல்லி நேரே போய்ப் பொன்னுலிங்கத்தின் மேசைமுன் நின்றாள்.

"சார், நான் எடுத்துட்டுப் போகல. அதுவா வருது."

"எல்லாப் பிள்ளையளும் அப்படித்தான் சொல்லும். புத்தகம் தானா வந்துச்சு, தட்டு தானா வந்துச்சு."

"எப்படித் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லுங்க, குடுத்திருதேன்."

"அது ரூல்ல இல்லம்மா. குடுக்கலன்னா சர்ட்டிபிகேட் இல்லங்கிறது மட்டுந்தான் ரூல்ல இருக்கு" என்றார் பொன்னுலிங்கம். அதைக் கேட்டு முப்பத்தொரு பேர் கைதட்டினார்கள். அதில் ஒன்று தன்னுடையது என்பதைக் கண்டுகொண்டு, அவர் முகம் தொலைந்துபோன செருப்பை வேறொருவர் காலில் பார்த்தவர் முகம்போல ஆனது.

வழியைச் சொன்னது ரெக்ஸலின்தான். கட்டிலில் குப்புறப் படுத்து முறுக்கு தின்றுகொண்டே, "ஒரு காரியத்தை ஆரம்பிச்சா முடிவுன்னு ஒரு வரி எழுதணும் மக்கா. எழுதாம விட்டா கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே கெடக்கும். நீ நன்றியுரை சொன்னியா? சொல்லல. அவங்க கைதட்டு நடுவழியில நிக்கிது. ஒக்காருங்கன்னு சொல்லாத விருந்தாளி மாதிரி. எளவு, அந்தக் காயிதத்த எடுத்து வாசிச்சிரு, போயிரும்" என்றாள்.

செண்பகவல்லி பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். வாசிக்க வாயைத் திறந்தாள். திறந்து மூடிக்கொண்டாள். போய்விட்டால் என்ன மிச்சம் என்று யோசித்தாள் போலிருக்கிறது. வேலையில்லாத ஆயிரம் டாக்டர்களுக்குப் பின்னால் ஆயிரத்தொன்றாவது டாக்டராக ஆவதற்கு என்ன அவசரம்? காகிதத்தை மறுபடி மடித்தாள்.

மறுநாளே வந்தது அந்த வெள்ளைக் கார். நாற்கரச் சாலையோரம் ஊருக்கே நிழல் விழுகிற மாதிரி கட்டிடம் கட்டியிருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் வேந்தர் அதில் வந்தார். வேந்தர் என்றால் முடியெல்லாம் கிடையாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, தலைக்கு மட்டும் கறுப்புச் சாயம். கைதட்டலைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். செண்பகவல்லியைக் கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் இடையே நாலு நடை நடக்கச் சொன்னார். பிறகு அவளுக்கு முன்னால் தான் நடந்து பார்த்தார். கைதட்டல் தன் பின்னாலேயே வருவதுபோல இருந்தது அவருக்கு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"உதவிப் பேராசிரியர். நாளைக்கே சேந்துக்கோம்மா" என்றார்.

"சார், நோ டியூஸ் இன்னும் வாங்கல..."

"அதெல்லாம் யாரு கேட்டா? நீ இப்படியே வா. இதே மாதிரியே வா."

ஆக, அந்தக் கொடும் பஞ்ச வருஷத்தில் எங்கள் விடுதியில் வேலை கிடைத்த ஒரே டாக்டர் அவள்தான். மெஸ்ஸில் கேசரி போட்டார்கள். கைச்சத்தம் மிச்சமிருந்த பெண்கள் தட்டினார்கள். மற்றவர்கள் தட்டை ஸ்பூனால் அடித்தார்கள். அறையைக் காலிசெய்ய இன்னும் நாள் இருந்ததால் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். காலையில் நான் டூட்டி முடிக்கிற நேரமும் அவள் புறப்படுகிற நேரமும் ஒன்று. முதல் வாரம் முகத்தில் பவுடரும் நெற்றியில் விபூதியுமாகப் போனாள். இரண்டாவது வாரம் கேட்டில் கையெழுத்துப் போடும்போது நின்றாள்.

"என்ன தாயி, கிளாஸ் எல்லாம் எப்படி?"

"கிளாஸா? கிளாஸே குடுக்கல அண்ணாச்சி. வேந்தருக்குப் பின்னாடி ரெண்டடி தள்ளி நடக்கணும். அதான் பாடம். அவரு கார்ல இறங்குவாரு, கைதட்டு. ரிப்பன் வெட்டுவாரு, கைதட்டு. நேத்து லிஃப்ட் வந்து நின்னுச்சு, அதுக்கும் கைதட்டு. எனக்கு முன்னால அங்க இருக்கவங்க எல்லாரும் தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. இப்ப நான் வந்ததும் நிறுத்திட்டாங்க. கைய மடியில வச்சுட்டு நிம்மதியா ஒக்காந்திருக்காங்க."

"விலங்கியல் ஆய்வகம் இருக்குல்லா?"

"இருக்கு. அதுல பொன்னாடை அடுக்கி வச்சிருக்காங்க. நண்டுத் தொட்டி நிறைய சால்வை."

மூன்றாவது வாரம் நடந்ததை அவள் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முதல் வருஷப் பெண் ஒருத்தி, பாவாடை தாவணியில் வந்து சேர்ந்திருந்தவள், வராந்தாவில் இவளை மடக்கி, "மேடம், நீங்க என்ன சப்ஜெக்ட்?" என்று கேட்டிருக்கிறாள். ஏழு வருஷம் படித்ததை இரண்டு வரியில் சொல்ல இவள் வாயைத் திறந்திருக்கிறாள். வயல் நண்டு என்று ஆரம்பித்ததும் இடி விழுந்தமாதிரி கைதட்டல். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி கைதட்டல். அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு, "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

"அது ஒருத்திதான் கேட்டுச்சு அண்ணாச்சி. வாய்மொழித் தேர்வுல பன்னண்டு கேள்வி கேட்டாங்க. அதுக்கப்புறம் பதிமூணாவது கேள்வி அதான்" என்றாள். பஸ் வந்தது. ஏறினாள். கைதட்டலும் ஏறியது, பஸ் புறப்பட்டது.

எண்பத்திரண்டாம் நாள் அங்கே பட்டமளிப்பு விழா. அன்றைக்கு நான் போகவில்லை. பகலில் தூங்குகிற பிறவி நான். போனவள் ரெக்ஸலின். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன், அவள் கூட்டிச் சொல்கிற ஆள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பேர் உட்கார்ந்த பந்தல். வேந்தர் பேசினார், கைதட்டல், இருமினார், கைதட்டல், தண்ணீர் குடித்தார், கைதட்டல். வழக்கமாக நன்றியுரை சொல்கிற பேராசிரியருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேந்தரே கையைக் காட்டி, "அந்தப் பொண்ணையே சொல்லச் சொல்லு. நன்றியுரைக்கும் கொஞ்சம் கைதட்டு விழட்டும்" என்றார். யாராவது தலையெழுத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்குப் பார்த்திருக்கலாம் என்றாள் ரெக்ஸலின்.

செண்பகவல்லி மைக்குக்குப் போனாள். அவர்கள் எழுதிக் கொடுத்திருந்ததைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து நாலாக மடித்த பழைய காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். வடை எண்ணெய் பட்டு ஒரு ஓரம் கண்ணாடிபோல ஆகியிருந்தது. வாசித்தாள். முதல் பத்துப் பேர்கள் யாருக்கும் கேட்கவில்லை, கைதட்டலுக்கு நடுவில் அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பேராசிரியர் ஆவுடைநாயகம் என்று அவள் சொன்னபோது, கூட்டத்துக் கைதட்டலிலிருந்து சோர்வான, அன்பான ஒரு ஜோடிக் கை மட்டும் கழன்றுபோனதை ரெக்ஸலின் கேட்டாளாம். அதே நிமிஷம் எங்கள் பல்கலைக்கழகத்தில், புதிய நியமனங்கள் இந்த ஆண்டும் இல்லை என்று துணைவேந்தர் வருத்தத்தோடு அறிவித்துக்கொண்டிருந்த கூட்டத்தில், ஆவுடைநாயகத்தின் கைகள் தாமாக எழுந்து படபடவென்று தட்டின. அதற்கும் அவருக்கு ஒரு ஓலை வந்தது. பொன்னுலிங்கத்தின் கை தட்ட, பதினோரு வாரமாக நிம்மதியாக இருந்த பியூன் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தான். பேச்சியம்மா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். சவுக்காரத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. பெயர் ஒன்று சொல்ல, கை ஒன்று போக, சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. சத்தம் மெலிய மெலிய அவள் குரல் மேலே வந்தது. இருபதாவது பெயர் முன்வரிசைக்குக் கேட்டது. இருபத்தெட்டாவது பெயர் பந்தல் முழுக்கக் கேட்டது. "முறுக்கு தின்றுகொண்டே வழி சொன்ன ரெக்ஸலினுக்கு" என்றபோது, அது காகிதத்தில் இல்லாத வரி, ரெக்ஸலினின் கை மடியிலேயே தட்டிக்கொண்டது. கடைசியில் ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும், பின்வரிசையில் நின்று, புரியாமல், விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"டீ கேன் தூக்கி வந்த வாட்ச்மேன் அணஞ்சபெருமாள் அண்ணாச்சிக்கு" என்று அவள் வாசித்தாளாம், இரண்டாயிரம் பேர் கேட்க. என் வீட்டில், ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில், உள்ளங்கை சூடாகி நான் விழித்துக்கொண்டேன்.

பந்தலில் சத்தமில்லை. பழக்கம் விட்டுப்போனதால் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. வேந்தர் எழுந்தார், இறங்கினார், நடந்தார். நூறடி நீளச் சிவப்பு விரிப்பில் தன் வெள்ளைச் செருப்பின் சத்தத்தை வாழ்க்கையில் முதல்தடவையாக முழுசாகக் கேட்டுக்கொண்டே போனார். அந்த அமைதியில் செண்பகவல்லி, மைக் இன்னும் உயிரோடு இருந்ததால், வயல் நண்டு உடைந்த காலை எப்படி வளர்த்துக்கொள்கிறது என்று மூன்றாவது வரிசையில் இருந்த தாவணிப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஒயரைப் பிடுங்க ஆள் வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. கேட் வருவதற்குள் வேலை போய்விட்டது.

பொன்னுலிங்கம் மறுநாள் ஒருதரம் கைதட்டிப் பார்த்து, திருப்தியாகி, 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண்பத்தேழாம் நாள் அவள் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சின்னக் கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போனாள். கைதட்டல் இல்லாமல், நூற்றுப்பதினாலு பேரில் ஒருத்தியாக, மத்தியானம் மூன்று மணிவரை வராந்தாவில் நின்றாள். நிரந்தரமான இடம் யாருக்கென்று முன்பே முடிவாகியிருந்தது. அது உலக வழக்கம், அதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் குழுவில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், பெரிய வயிற்றோடு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கால் வளரும்போது நண்டுக்கு வலிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். செண்பகவல்லி முக்கால் மணி நேரம் பதில் சொன்னாள். எல்லோருக்கும் டீ ஆறிப்போயிற்று. அந்த அம்மாளின் பிரசவ விடுப்புக்கு ஆறு மாதம் ஆள் தேவைப்பட்டது. அவருடைய கிளாஸ், அவருடைய பழைய மீன் தொட்டி இரண்டு.

தொண்ணூறாம் நாள் விடிந்ததும் சக்கரம் வைத்த ஒரு பெட்டி, ஒரு பை, பச்சை வாளி என்று கேட்டுக்கு வந்து, ரிஜிஸ்டரில் கடைசிக் கையெழுத்துப் போட்டாள். பின்னாலேயே சுமந்து வந்த ரெக்ஸலின் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரு முப்பது பேருன்னா எத்தனை வடை சொல்லணும்?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன். தலையணை ஒசரமா இருக்கு, கழுத்து வலிக்கி. எடுத்துக் குடுத்துரலாம்னு. ஆனா வடைக்கு முன்னால நன்றியச் சொல்லிருவேன் கேட்டேளா."

"ஆறு மாசம் கழிச்சு என்ன தாயி செய்வ?" என்று செண்பகவல்லியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது; ஆனால் ராத்திரி முழுக்க முழித்திருந்தவன் வாய்க்குக் காவல் கிடையாது.

"மறுபடி எழுதிப் போடுவேன் அண்ணாச்சி. வேற என்ன செய்ய?" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி சாலையைக் கடந்தாள். அவளுக்குப் பின்னால் பெட்டிச் சக்கரத்தின் சத்தம் மட்டும்தான் போனது. அவ்வளவு அமைதி பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கைச்சத்தம் திரும்பி எட்டு நாளாகியும் நான் ஒருதரம்கூடத் தட்டிப் பார்த்திருக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கினேன். என்னவோ கூச்சமாக இருந்தது. இறக்கிவிட்டேன்.

அப்போது வேலிச் சந்து வழியாக ஆடுகள் நுழைந்தன. எப்போதும் வருகிற கறுப்பு ஆடு முன்னால், மற்றது பின்னால். மூன்று மாதச் செல்லத்தில் கொழுத்து, என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே செம்பருத்திக்குப் போயின. நான் கையை ஓங்கித் தட்டினேன். துப்பாக்கி வெடித்தமாதிரி சத்தம். ஆடுகள் துள்ளின. மறுபடி தட்டினேன், மறுபடி, மறுபடி. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து ஆடுகள் தெரிந்திருக்காது. வாளியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

நான் வேலிச் சந்துவரை ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். கறுப்பு ஆட்டின் வாயில் ஒரு பூ இருந்தது, அதை விட்டுவிட்டேன். சந்தில் அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினேன்.